கர்சிவ் ஃபான்ட்டில் பெயர் போடுவது எப்படி: பத்திரிகை டிசைன் செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தைப் பாருங்கள். பொண்ணு மாப்பிள்ளை பெயர் மட்டும் சாய்ந்து, சுழித்து, ஓர் எழுத்து அடுத்த எழுத்தோடு கோர்த்துக்கொண்டு நிற்கும். முகூர்த்த நேரம், மண்டபம், வழி எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கும். அந்தக் கோர்த்த எழுத்துதான் கர்சிவ் ஸ்கிரிப்ட் ஃபான்ட். நாலு கோடு நோட்டில் நாம் எழுதிப் பழகினோமே, அதே மாதிரி கையெழுத்தை ஒருவர் அழகாக வரைந்து, கீபோர்டில் அடிக்கிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பத்திரிகை தவிர கேக் கடை போர்டு, துணிக்கடை லேபிள், சான்றிதழில் பெயர், வாட்ஸ்அப் வாழ்த்து என்று எங்கும் இது உண்டு. பார்க்க அழகு, ஆனால் கொஞ்சம் அசந்தால் யார் பெயர் என்றே தெரியாமல் போய்விடும். அதனால் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு, ஃபான்ட் தேர்ந்தெடுப்பதிலிருந்து பிரஸ்ஸுக்கு அனுப்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கர்சிவ் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல வகை இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அதிகம் எடுப்பது ரவுண்ட்ஹேண்ட் வகை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் கூர்முனைப் பேனாவால் எழுதிய எழுத்து இது. அழுத்திக் கீழே இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது முடி மாதிரி மெலியும். அந்தக் காலத்து எழுத்து ஆசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை வைத்து 1960களில் மேத்யூ கார்ட்டர் செய்ததுதான் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். எட்வர்டியன் ஸ்கிரிப்ட், இலவசமாகக் கிடைக்கும் கிரேட் வைப்ஸ் இரண்டுக்கும் இதே சாயல்தான். பட்டுப்புடவை, ஜரிகை, கோல்ட் ஃபாயில் என்று போகிற பத்திரிகைக்கு இது பொருந்தும்.

பிரஷ் வகை வேறு ரகம். 1942இல் வந்த பிரஷ் ஸ்கிரிப்ட், கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள பசிஃபிகோ எல்லாம் இதில் அடங்கும். கோடு தடிமன், துள்ளல் அதிகம். ஜூஸ் கடைக்கும் குழந்தைகள் பிறந்தநாளுக்கும் நன்றாக இருக்கும். கல்யாணத்துக்குப் போட்டால் கொஞ்சம் கடை போர்டு மாதிரி தெரியும் என்பது என் எண்ணம்.

நடுவில் இருப்பது சாதாரணக் கையெழுத்து மாதிரியானவை. ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்து 1953இல் செய்த மிஸ்ட்ரல் இதில் பழையது. ஈய அச்சுக் காலத்திலேயே எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் கோர்த்துக்கொள்ளும்படி செய்திருந்தார், பெரிய வித்தைதான். பாப்லோ இம்பல்லாரி செய்த டான்சிங் ஸ்கிரிப்ட்டும் இந்தப் பக்கம்தான். எழுத்துகள் கோட்டில் நேராக நிற்காமல் லேசாக ஏறி இறங்கும், பெரிய எழுத்துகளுக்கு அநாவசிய வால் கிடையாது, நன்றாகப் படிக்கவும் முடியும். கோடு முழுக்க ஒரே தடிமனாக இருக்கும் சாக்ரமென்டோ மாதிரியானவையும் உண்டு; சின்ன லேபிளுக்கு அவை நல்லது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டே இரண்டு வைத்துக்கொண்டால் போதும். பெயருக்கு கிரேட் வைப்ஸ், ஒரு முழு வரி படிக்க வேண்டியிருந்தால் டான்சிங் ஸ்கிரிப்ட். ஐந்நூறு ஃபான்ட் இறக்கி வைத்துவிட்டு எதைப் போடுவது என்று ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. கோகோ கோலா, கேட்பரி எழுத்தைப் பார்த்து "அந்த ஃபான்ட் வேண்டும்" என்று கேட்டு வருவார்கள். அவை ஃபான்ட்டே இல்லை. கோகோ கோலாவின் பெயரை 1880களில் ஃபிராங்க் ராபின்சன் அன்றைய அமெரிக்கக் கணக்கர்கள் எழுதிய ஸ்பென்சீரியன் பாணியில் கையால் எழுதினார். கேட்பரியுடையது வில்லியம் கேட்பரியின் கையெழுத்திலிருந்து வந்தது. இணையத்தில் அந்தச் சாயலில் கிடைப்பவை பிறகு பார்த்து வரைந்தவை. உங்கள் கடைப் பெயரை அதில் போட்டால் பார்ப்பவர்கள் கண்ணுக்கு உங்கள் கடை தெரியாது, அந்தக் கம்பெனிதான் தெரியும். வணிகச் சின்னப் பிரச்சினை வேறு.

உங்கள் பெயரை அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஃபான்ட் விற்கும் தளங்களில் மாதிரிக்குப் போட்டிருக்கும் பெயர்கள் எல்லாம் அந்த ஃபான்ட்டுக்கு நன்றாக வரும் எழுத்துகளைப் பார்த்து எடுத்தவை. அதைப் பார்த்து மயங்கக் கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் மேலே ஒரு பெட்டி இருக்கும், அதில் நீங்கள் அச்சிடப் போகிற பெயரையே அடித்துப் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், கர்சிவில் வம்பு செய்வதும் பெரும்பாலும் அவைதான்.

முதல் ஆள் ழகரம். கயல்விழி, யாழினி, எழில், தமிழரசன் என்று யாரை எடுத்தாலும் சிலர் அதை இசட்-எச் போட்டு எழுதுவார்கள். கர்சிவில் சின்ன இசட் பல ஃபான்ட்டுகளில் கோட்டுக்குக் கீழே சுழித்து இறங்கும், அவசரமாகப் பார்த்தால் ஒய் அல்லது ஜி மாதிரி இருக்கும். கூடவே யாழினிக்கு முன்னால் ஒரு பெரிய ஒய்யும் வாலோடு நிற்கும். இந்த ஒரு எழுத்துக்காகவே ஃபான்ட்டை மாற்ற வேண்டி வரலாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது முனியம்மாள் மாதிரியான பெயர்கள். எம், யூ, என், ஐ நான்குமே கர்சிவில் வரிசையாக நிற்கும் செங்குத்துக் கோடுகள்தான். ஐயின் மேல் உள்ள புள்ளி மட்டும்தான் எங்கே எது முடிகிறது என்று காட்டும். கோடுகளுக்கு நடுவே இடைவெளி நெருக்கமாக உள்ள ஃபான்ட் என்றால் அது வேலி மாதிரி தெரியுமே தவிர பெயராகத் தெரியாது. இப்படிப்பட்ட பெயருக்கு எழுத்து அகலமாக, வளைவு தாராளமாக உள்ள ஃபான்ட் எடுங்கள்.

பெரிய எழுத்துகளில் ஐயும் ஜேயும் பல ஃபான்ட்டில் இரட்டைப் பிள்ளைகள். இலக்கியா ஜலக்கியா ஆகிவிடுவாள். டி-யும் (T) எஃப்-உம், எல்-லும் எஸ்-ஸும் அப்படித்தான். பி (b), ஓ, வி, டபிள்யூ ஆகிய சின்ன எழுத்துகள் கோட்டின் மேல்பக்கமாக முடியும், மற்றவை கீழ்ப்பக்கமாக முடியும். அதனால் இந்த நான்குக்கும் அடுத்து வரும் எழுத்து எங்கே ஒட்டுகிறது என்று ஸூம் செய்து பாருங்கள். நல்ல ஃபான்ட்டில் அந்த இடத்தில் சின்னப் பாலம் மாதிரி சரியாக ஒட்டியிருக்கும். மோசமான ஃபான்ட்டில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருக்கும், அல்லது முட்டிக்கொண்டு முடிச்சு விழுந்திருக்கும். தேவி, செல்வி, கவிதா என்று எவ்வளவோ பெயரில் வி வருகிறது, ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

அடித்து முடித்ததும் அந்தக் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியும் என்பதால் உங்கள் கண் தானாகவே சரிசெய்து படித்துவிடும். உறவினர் பாதிப் பேர் அமெரிக்காவில் என்றால் இன்னும் கவனம் தேவை. 2010இல் வந்த பொதுப் பாடத்திட்டத் தரத்தில் கர்சிவ் இடம்பெறாததால் அங்கே பல பள்ளிகள் அதைக் கைவிட்டன, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இப்போதுதான் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவருகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கும் பழக்கம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இறக்குவதும் நிறுவுவதும்

கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளவை எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, பெரும்பாலானவற்றுக்கு ஓ.எஃப்.எல் என்ற உரிமம். பத்திரிகை, போர்டு, பொட்டலம் எதில் வேண்டுமானாலும் போட்டுக் காசு வாங்கலாம். ஃபான்ட் ஃபைலைத் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். மற்ற தளங்களில் இலவசம் என்று போட்டிருந்தாலும் கீழே சின்ன எழுத்தில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்குச் செய்து காசு வாங்கினால் உரிமம் வாங்க வேண்டும். டெமோ என்று போட்டிருந்தால் சில எழுத்துகளோ எண்களோ உள்ளே இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிப் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் டி.டி.எஃப் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் விண்டோஸ் 10இலும் 11இலும் உங்கள் கணக்குக்கு மட்டும் போகும், சில பழைய மென்பொருள்களுக்கு அது கண்ணில் படாது. மேக்கில் டபுள் கிளிக் செய்தால் ஃபான்ட் புக் திறக்கும். கோரல் டிரா ஏற்கெனவே திறந்திருந்தால் மூடித் திறங்கள். கேன்வாவில் செய்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, கிரேட் வைப்ஸ், டான்சிங் ஸ்கிரிப்ட் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

எழுத்தைப் போடும்போது

இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள், அதுவும் அழகுபடுத்துகிறேன் என்று.

முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். கர்சிவில் பெரிய எழுத்து ஒரு சொல்லின் தலையில் தனியாக நிற்க வரைந்தது; இரண்டு சேர்ந்தால் ஒன்றின் சுழி இன்னொன்றின் மேல் ஏறும். நம் ஊர்ப் பத்திரிகையில் இதற்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன, இனிஷியலும் பட்டமும். எம்.எஸ். என்று இரண்டு இனிஷியல் கர்சிவில் வந்தால் அதுவே பாதி வரியைத் தின்றுவிடும், பெயர் ஒதுங்கி நிற்கும். பி.இ., எம்.பி.ஏ., எம்.பி.பி.எஸ். என்று பட்டம் போட்டால் சொல்லவே வேண்டாம், ஒரே கொடிச் சிக்கல். இனிஷியலையும் பட்டத்தையும் சாதாரண செரிஃப் எழுத்தில் (டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி, கோட்டு முனையில் சின்னப் பாதம் உள்ளது), பெயரைவிட நன்றாகச் சின்னதாகப் போடுங்கள். இனிஷியலைப் பெயருக்கு முன்னாலும் பட்டத்தைப் பெயருக்குக் கீழே தனி வரியிலும் வைத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். படிப்பு சரியாகத் தெரியவில்லை என்று பெண் வீட்டார் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

லெட்டர் ஸ்பேசிங்கைத் தொடாதீர்கள், பூஜ்யத்தில் இருக்கட்டும். கூட்டினால் கோர்த்திருக்கும் இடமெல்லாம் பிய்ந்து, பற்கள் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரியும். வரியின் இரு ஓரமும் சமமாக வர ஜஸ்டிஃபை கொடுத்தாலும் சில மென்பொருள்கள் எழுத்துகளை இழுக்கும், ஆகவே நடுவில் வைப்பதே பாதுகாப்பு. பி பட்டன், ஐ பட்டன் இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே சாய்ந்த எழுத்தை இன்னும் சாய்த்தால் விழுந்துவிடும். போல்டு கொடுத்தால் கணினி தானாகச் சுற்றிலும் தடித்து, சுழிகளின் உள்ளே இருக்கும் வெள்ளை அடைந்துபோகும். டான்சிங் ஸ்கிரிப்ட்டுக்கு நிஜமாகவே தடித்த வடிவம் தனியாக உண்டு, அதை எடுத்துக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் தாராளமாக இருங்கள். ரவுண்ட்ஹேண்ட் வகையில் சின்ன எழுத்துகளின் உடம்பு குட்டையாகவும் மேலே கீழே போகும் கொக்கிகள் நீளமாகவும் இருக்கும், அதனால் 12 பாயின்ட் என்று போட்டாலும் சாதாரண ஃபான்ட்டின் 12 மாதிரி கண்ணுக்குத் தெரியாது. பெயருக்கு 30 பாயின்டுக்கு மேலே யோசியுங்கள். அட்டையில் அதற்கு இடமில்லை என்றால் கர்சிவே வேண்டாம். பெயர் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால் மேல் பெயரின் ஜி, ஒய் வால்கள் கீழ்ப் பெயரின் பெரிய எழுத்தில் போய் இடிக்கும்; வரி இடைவெளியைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கீழ்ப் பெயரைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். வேர்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருந்தால் சுழியின் தலை வெட்டுப்படும். மல்டிபிள் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

வேர்டில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நல்ல ஸ்கிரிப்ட் ஃபான்ட்டுக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்திருப்பார்கள், பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்து அதுவே மாறிக்கொள்ளும். வேர்டில் இது பொதுவாக அணைந்தே இருக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி (D) அழுத்தி, அட்வான்ஸ்டு டேபில் லிகேச்சர்ஸ் (சேர்ந்து வரும் எழுத்து வடிவங்கள்) என்பதில் ஸ்டாண்டர்டு கொடுத்து, கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் டிக் செய்யுங்கள். அங்கேயே ஸ்டைலிஸ்டிக் செட்ஸ் என்று இருக்கும், ஃபான்ட்டில் உள்ளே மாற்று வடிவம் இருந்தால் எண்ணை மாற்ற மாற்ற அது வெளியே வரும். இல்லஸ்ட்ரேட்டர், கோரல் இரண்டிலும் ஓபன்டைப் என்ற பெயரில் இதே வசதி கிடைக்கும். நீண்ட வால் உள்ள வடிவம் கிடைத்ததும் எல்லா எழுத்துக்கும் வால் வைக்கத் தோன்றும். பெயரின் முதலிலோ கடைசியிலோ ஒன்று வைத்து நிறுத்துங்கள்.

தமிழ்ப் பக்கம் என்ன செய்வது

கிரேட் வைப்ஸுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோடில் அடித்த தமிழைத் தேர்ந்தெடுத்து அந்த ஃபான்ட்டைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, விண்டோஸ் தன்னிடம் இருக்கும் நிர்மலா யு.ஐ. போன்ற ஏதோ ஒன்றில் காட்டிவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் பழைய ஃபான்ட்டான பாமினியில் அடித்த தமிழுக்குக் கொடுத்தால் கதை வேறு. பாமினியில் அம்மா என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. ஃபான்ட்டை மாற்றியதும் அழகான கர்சிவில் அந்த ஐந்தும் வந்து நிற்கும். டி.டி.பி. சென்டரில் வாங்கிய பழைய ஃபைலைத் திருத்துபவர்கள் மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஃபான்ட்டை மாற்றிவிட்டு முழிப்பது இதனால்தான். அன்டூ கொடுத்துவிட்டு, ஆங்கில வரியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று கோர்ப்பதில்லை, அதனால் ஆங்கில கர்சிவுக்கு நேர் ஜோடி தேடி அலைய வேண்டாம். கையால் எழுதிய சாயல் வேண்டுமென்றால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் இருக்கிறது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். லேசான சாய்வும் பேனா ஓட்டமும் இருக்கும், மணமக்கள் பெயருக்குப் போட்டால் ஆங்கிலப் பக்கத்தோடு ஒத்துப்போகும். "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பிக்கிற நீண்ட வாசகத்துக்கு அதைப் போடாமல் நேரான தமிழ் எழுத்தே வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்காது.

அச்சுக்கு அனுப்பும் முன்

திரையில் தெரிகிற மெல்லிய கோடு தாளில் வரும் என்று நினைக்காதீர்கள். வெள்ளைத் தாளில் எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டுச் சுற்றிலும் அரக்கு நிற மை அடித்தால், நாலு பக்கமும் இருந்து மை பரவி முடிக்கோட்டை மூடிவிடும். சொரசொரப்பான கைவினைத் தாளிலும் ஸ்கிரீன் பிரின்டிங்கிலும் கோடு விட்டுவிட்டு விழும், கோல்ட் ஃபாயிலிலும் அதே பயம். இந்த மாதிரி வேலை என்றால் மெலிந்த கோடும் கொஞ்சம் சதைப்பற்றாக உள்ள ஃபான்ட்டுக்கு மாறுங்கள், அல்லது எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிரஸ்காரரிடம் அதே தாளில் அதே முறையில் ஒரு புரூஃப் கேளுங்கள். லேசர் பிரின்டரில் வெள்ளைத் தாளில் எடுத்த புரூஃப் எழுத்துப்பிழை பார்க்க மட்டும்தான் உதவும்.

ஸ்டிக்கர் கட்டிங், அக்ரிலிக் எழுத்து, மேடைப் பின்னணிக்கு தெர்மாகோல் வெட்டுவது என்று போனால் கட்டாயம் ஒரு வேலை செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபான்ட்டில் ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவம். பக்கத்து எழுத்தின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் கோர்த்த மாதிரி தெரிகிறது. கட்டிங் மெஷினுக்கு இது தெரியாது, ஏறி உட்கார்ந்த இடத்தையெல்லாம் தனித்தனியாக அறுத்து வைக்கும். கோரலில் கன்ட்ரோல் கியூ அழுத்தி கர்வ்ஸ் (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றுவது) ஆக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே வடிவமாகச் சேர்க்க வெல்ட் கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ், பிறகு பாத்ஃபைண்டரில் யுனைட். இலவசமான இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து யூனியன். எழுத்தைச் சுற்றி அவுட்லைன் நிறம் கொடுத்தால் கோர்க்கிற இடத்தில் குறுக்குக் கோடு தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் மருந்து.

பிரஸ் கணினியில் உங்கள் ஃபான்ட் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபான்ட் உள்ளடங்கிய பி.டி.எஃப் ஆகவோ கர்வ்ஸ் ஆக்கிய ஃபைலாகவோ கொடுங்கள். கர்வ்ஸ் ஆக்கியதும் எழுத்து வெறும் படம், அதில் பிழை திருத்த முடியாது. மாப்பிள்ளையின் சித்தப்பா பெயரில் ஒரு எச் சேர்க்கச் சொல்லி கடைசி நேரத்தில் போன் வரும், அப்போது கர்வ்ஸ் ஆக்காத பழைய ஃபைல் கையில் இருக்க வேண்டும், தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோ என்றால் சுருக்கி மெல்லிய கோடுகளை மங்கலாக்கிவிடும். சொந்தக்காரர்களுக்கு மொபைலில் போகிற அழைப்பிதழ் தனியாகச் செய்வதாக இருந்தால் அதில் பெயர் மட்டும் கர்சிவில் இருக்கட்டும். தேதி, நேரம், மண்டபத்தின் முகவரி மூன்றும் நேரான எழுத்தில், ஸூம் செய்யாமலே படிக்கும் அளவில்.